முதுகு பிடித்துக்கொண்டால் ஆஸ்டியோபாத்திடம் போவது எப்படி

போன மார்ச்சில் லண்டன் ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கிய 20 கிலோ பொன்னி அரிசி மூட்டையைக் கார் டிக்கியிலிருந்து தூக்கித் திரும்பினேன், அவ்வளவுதான். இடுப்புக்கு மேலே இடதுபக்கம் சுரீர் என்று ஒன்று இழுத்துப் பிடித்தது. மூட்டையை எங்கே போட்டேன் என்றுகூடத் தெரியவில்லை, காரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றேன். ஊராக இருந்தால் அத்தை விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி நீவி விட்டிருப்பார், அதற்கும் சரியாகாவிட்டால் சுளுக்கு எடுக்கிறவர் வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். இங்கே பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், "ஆஸ்டியோபாத்கிட்ட போங்க தம்பி, நல்லா நெட்டி முறிச்சு விடுவாங்க."

ஆஸ்டியோபாத் என்றால் மூட்டையும் தசையையும் கையால் அசைத்துச் சிகிச்சை செய்கிறவர். நான் வெறும் நெட்டி முறிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அந்த நினைப்பால் முதலில் போன இடத்தில் பணம் போனது, இரண்டாவது இடத்தில்தான் விஷயமே புரிந்தது. அதற்கப்புறம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் போன் பண்ணி, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், துணியைக் கழற்றச் சொல்வார்களாமே என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் பிரிட்டனில் இருக்கிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, வெறும் முதுகுவலிக்காரன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், போகக்கூடாத நேரம் எது என்று பார்த்துவிடுவோம், இதில் தப்பு பண்ணினால் திருத்த முடியாது. முதுகுவலியோடு சேர்ந்து மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றியோ உள்தொடையிலோ மரத்துப்போன மாதிரி இருக்கிறது, சிறுநீர் முக்கினாலும் வரவில்லை அல்லது தெரியாமலே போய்விடுகிறது, இரண்டு காலிலும் பலம் குறைகிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும், ஆஸ்டியோபாத்தும் வேண்டாம், ஜிபி (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்டும் வேண்டாம், நேராக ஏ அண்ட் ஈ, அதாவது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் மாதிரி பிரிந்து இறங்கும் நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி வரும். சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய சமாச்சாரம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு கடைசிவரை திரும்பாமலே போகலாம். பாத்ரூமில் துடைக்கும்போது அந்த இடத்தில் வழக்கமான உணர்ச்சி இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். நம் ஆட்கள் இதை வீட்டில்கூடச் சொல்லக் கூச்சப்படுவார்கள், அதனால்தான் பச்சையாக எழுதுகிறேன்.

அப்புறம், கீழே விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் புரண்டாலும் விடாமல் ராத்திரி முழுக்கக் குடையும் வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்கள், வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள், இவர்களெல்லாம் முதலில் ஜிபியைத்தான் பார்க்க வேண்டும். காசநோய் முதுகெலும்பிலும் வரும். ஊரில் யாருக்காவது காசநோய் இருந்து நீங்கள் கூட இருந்திருந்தால் அதையும் ஜிபியிடம் சொல்லுங்கள், இங்கே உள்ள டாக்டருக்கு அது முதலில் தோன்றாமல் போகலாம். உடம்பெல்லாம் எலும்பு வலிக்கிற மாதிரி, படி ஏற முடியாமல் தொடை சோர்ந்துபோகிற மாதிரி இருந்தால் விட்டமின் டி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். நம் நிறத்துக்கு இந்த ஊர் வெயில் போதாது, கறுத்த தோல் உள்ளவர்கள் வருஷம் முழுக்க தினமும் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளலாம் என்று இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸே சொல்கிறது. விட்டமின் குறைவை எந்தக் கையும் நீவிச் சரிபண்ண முடியாது.

இதெல்லாம் இல்லை, தூக்கினேன் பிடித்தது, குனிந்தேன் பிடித்தது, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தே இடுப்பு இறுகிவிட்டது என்றால், சரி, மேலே படியுங்கள்.

ஆஸ்டியோபதியை ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர். 1864-ல் மூளைக்காய்ச்சலில் தன் பிள்ளைகள் மூன்று பேரைப் பறிகொடுத்து, அந்தக் காலத்து மருந்துகள் மேலேயே வெறுத்துப்போனவர். 1874-ல் தன் முறையை அறிவித்து, 1892-ல் மிசௌரியில் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். எலும்பு இடம் பிசகி ரத்த ஓட்டத்தை அடைப்பதுதான் எல்லா நோய்க்கும் மூலம் என்பது அவர் கட்சி, அது இன்றைக்கு நிற்காது. ஆனால் கையால் தொட்டுப் பார்த்து, மூட்டையும் தசையையும் அசைத்துச் சரிபண்ணுகிற பழக்கம் நிலைத்துவிட்டது. அவரிடம் படித்த ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-ல் லண்டனில் பள்ளி தொடங்கினார், பிரிட்டிஷ் ஆஸ்டியோபதி அந்தக் கிளையில் வந்தது. இதில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மச்சான் "என் டாக்டர் டிஓ" என்று சொன்னால் அவர் ஊசி, மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் செய்யக்கூடிய முழு டாக்டர். இங்கே உள்ள ஆஸ்டியோபாத் டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித்தர மாட்டார், நாலைந்து வருஷம் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர்.

டாக்டர் இல்லை என்றாலும் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிட முடியாது. 1993-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது, பொது ஆஸ்டியோபதி கவுன்சிலில் பதியாதவர் தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொண்டால் அது குற்றம். கவுன்சிலின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், புக் பண்ணும் முன் கட்டாயம் தேடுங்கள். இதே மாதிரி முதுகெலும்பைக் கையால் சரிபண்ணுகிற இன்னொரு வகையினரான கைரோபிராக்டருக்குத் தனிச் சட்டம், தனிக் கவுன்சில். பிசியோதெரபிஸ்ட் என்ற பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் "பேக் தெரபிஸ்ட்", "ஸ்பைன் ஸ்பெஷலிஸ்ட்" என்றெல்லாம் கார்டு அடித்துக்கொள்ள யாரையும் யாரும் தடுக்க மாட்டார்கள். கோயில் திருவிழாவில் ஸ்டால் போட்டு முதுகை முறித்து விடுகிறவரிடம் எந்தக் கவுன்சிலில் பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் எப்படி வருகிறது என்று தெரியும்.

காசு விஷயம். 2017-லிருந்து இங்கிலாந்தின் என்எச்எஸ் ஆஸ்டியோபாத்துகளை பிசியோக்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறது, ஆனாலும் என்எச்எஸ்ஸில் ஆஸ்டியோபாத் கிடைப்பது அபூர்வம், கைக்காசுதான். எனக்கு முதல் முறை 65 பவுண்டு, அடுத்தடுத்து 52. ஏரியாவைப் பொறுத்து கூடும் குறையும். அந்தக் காசைக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: உங்கள் பகுதியில் என்எச்எஸ் பிசியோவுக்கு ஜிபி கடிதம் இல்லாமலே நேரடியாகப் பதியலாமா என்று பாருங்கள், பல இடங்களில் முடியும், இலவசம். வரிசை நீளம்தான், எனக்கு ஏழு வாரம் சொன்னார்கள். பதிந்து வைத்துவிட்டு நடுவில் ஆஸ்டியோபாத்தைப் பார்க்கலாம், ஒன்றுக்கொன்று விரோதமில்லை. வேலையில் தனியார் இன்சூரன்ஸ் இருந்தால் போவதற்கு முன்பே கேளுங்கள், சில கம்பெனிகள் ஜிபி கடிதம் இல்லாமல் பில்லை ஏற்காது. காசு இறுக்கம் என்றால் ஆஸ்டியோபதி கல்லூரிகளின் பயிற்சி கிளினிக்குகளுக்குப் போகலாம். கடைசி வருஷ மாணவர்கள் பார்ப்பார்கள், ஆசிரியர் மேற்பார்வை இருக்கும், கட்டணம் குறைவு, நேரம்தான் அதிகமாக எடுப்பார்கள், அது நல்லதுதான்.

இனி நான் மிகவும் திணறிய இடம். வலியை எப்படிச் சொல்வது? "வேர் இஸ் த பெயின், வாட் இஸ் இட் லைக்?" என்று கேட்டதும் "பெயின்... பேட் பெயின்" என்று நின்றேன். தமிழில் நமக்கு வலிக்கு எத்தனை சொல், குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, விண்விண், சுரீர், காந்தல், மரமரப்பு. இவை வெறும் அலங்காரமில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டும். குடைச்சலும் உளைச்சலும் பொதுவாகத் தசை, மூட்டுப் பக்கம், ஆங்கிலத்தில் "டல் ஏக்" என்று சொன்னால் போதும். இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் ஓடுகிற மாதிரி சுரீர் என்று இறங்கினால் "ஷூட்டிங்", அது நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். எறும்பு ஊர்கிற மாதிரி மரமரப்புக்கு "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்", தொட்டால் தெரியவே இல்லை என்றால் "நம்ப்". காந்தலுக்கு "பர்னிங்". இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று அவர் முடிவு செய்கிறார். வலி முழங்காலோடு நிற்கிறதா, பாதம் வரை போகிறதா என்பதும் முக்கியம். விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள், வார்த்தையைவிட விரல் தெளிவாகப் பேசும். ஜிபியில் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார், தனியார் கிளினிக்கில் அதை எதிர்பார்க்காதீர்கள், அம்மாவைக் கூட்டிப்போனால் நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள்.

போகும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, எதில் கூடுகிறது, எதில் குறைகிறது, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுக்கிறவர்கள், எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், ருமட்டாய்ட் வாதம் உள்ளவர்கள், ரத்தம் உறைவதில் குறை உள்ளவர்கள், எலும்பில் புற்றுநோயோ தொற்றோ இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள், இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் படுக்கவைக்கும் விதமும் செய்யும் முறையும் மாறும். இந்தப் பட்டியலில் உள்ள மற்றவர்களுக்குப் பலமான அழுத்தமே ஆகாது, சிலருக்குக் கையே வைக்காமல் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் அவர் நல்லவர் என்று அர்த்தம்.

முதல் சந்திப்பு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அதில் பாதி பேச்சுதான், வேலை என்ன, எப்படித் தூங்குகிறீர்கள், பழைய அடி உண்டா என்று துருவுவார்கள். அப்புறம் நிற்கவைத்து, குனியச் சொல்லி, பக்கவாட்டில் சாயச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்பார்கள். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே உயர்த்துவார்கள், அப்போது காலுக்குக் கீழே சுரீர் என்று இறங்கினால் உடனே சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். உள்ளாடையோடு நிற்கச் சொல்வது வழக்கம், கட்டாயமில்லை. ஷார்ட்ஸும் லூசான டீ ஷர்ட்டும் கொண்டுபோய் "இதைப் போட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெண் ஆஸ்டியோபாத் வேண்டும் என்று புக்கிங்கிலேயே கேட்கலாம், துணைக்கு ஒருவர் அறையில் இருக்கலாம். எதைச் செய்யப்போகிறேன், ஏன், என்ன ஆபத்து என்று சொல்லி உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும், நடுவில் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும்.

எனக்குச் செய்தது இப்படி. குப்புறப் படுக்கவைத்து இடுப்பின் இரண்டு பக்கத் தசையையும் குறுக்கே, மாவு பிசைகிற மாதிரி மெதுவாகத் தள்ளித் தள்ளி விட்டார், எண்ணெய்கூட அதிகமில்லை. அப்புறம் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை மடக்கி, என் காலை அவர் பிடித்துக்கொண்டு "என் கையை உங்கள் காலால் தள்ளுங்கள், லேசாக" என்றார். ஐந்து விநாடி தள்ளினேன், விடச் சொன்னார், விட்டதும் கால் இன்னும் ரெண்டு விரற்கடை கூடுதலாக மடங்கியது. மூன்று தடவை. எனக்கு வியப்பாக இருந்தது இதுதான், நெட்டி இல்லை. என் தசையே தன் பிடியைத் தானே தளர்த்திக்கொண்டது.

நெட்டியும் கடைசியில் வந்தது, இடுப்பைத் திருகி சடக் என்று ஒரு தள்ளு. எலும்பு இடத்தில் விழுந்த சத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் பசை போன்ற திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குழி உண்டாகிறது, சத்தம் அதனால்தான். 2015-ல் கனடாவில் விரலை இழுத்து எம்ஆர்ஐ-யில் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். சத்தம் வந்தால் நல்லது, வராவிட்டால் வேலை நடக்கவில்லை என்பதெல்லாம் கிடையாது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் அறுபது வருஷத்துக்கு மேல் ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்து, இன்னொரு கையோடு ஒப்பிட்டு, மூட்டுவாதம் ஒன்றும் வரவில்லை என்று எழுதி 2009-ல் இக் நோபல் (சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) வாங்கினார். என் பாட்டி கேட்டிருக்க வேண்டும், சொடக்கு எடுத்தால் தரித்திரம் என்று தலையில் குட்டியவர்.

கழுத்து மட்டும் வேறு கதை. கழுத்தைச் சட்டென்று திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு. மிக அரிது, ஆனால் வந்தால் பெரியது. நான் கழுத்தை முறிக்க விடுவதில்லை, "நோ நெக் த்ரஸ்ட்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், அதற்குப் பதில் மெதுவான முறைகள் இருக்கின்றன, அவர்களும் மறுப்பதில்லை. சலூனில் முடி வெட்டிய கையோடு இலவசமாகக் கழுத்தை முறிப்பவர்களிடம் தலையைக் கொடுக்காதீர்கள், இதை ஊருக்குப் போகும்போதும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்து வந்த அன்றும் மறுநாளும் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கலாம், அது சாதாரணம். ரெண்டு நாளில் அடங்க வேண்டும். காலில் புதிதாக மரமரப்போ பலக்குறைவோ வந்தால் சாதாரணம் இல்லை, அன்றே என்எச்எஸ் உதவி எண்ணான 111-க்குப் போன் பண்ணுங்கள், முதலில் சொன்ன சிறுநீர்ச் சமாச்சாரமோ, அந்த இடத்து மரத்துப்போவதோ, இரண்டு காலிலும் பலக்குறைவோ இருந்தால் நேராக ஏ அண்ட் ஈ.

எத்தனை முறை போக வேண்டும்? நான் முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு "உங்கள் முதுகெலும்பு வரிசை தப்பியிருக்கிறது, 12 முறை வர வேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்றார்கள். பயந்துபோய் ஆறு முறைக்குக் கட்டிவிட்டேன். நாலு முறை போனேன், ஒரு உடற்பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. முன்பணம் கேட்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது இடத்தில் என்னைப் பார்த்த பெண் ஆஸ்டியோபாத் சொன்னது, "மூன்று முறை பார்ப்போம், மாற்றம் இல்லை என்றால் என் கையால் ஆகாது, ஜிபியிடம் போங்கள்." இன்னொன்றும் சொன்னார், இந்த மாதிரி திடீர் பிடிப்பு பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும், நான் கொஞ்சம் சீக்கிரம் நடமாட வைக்கிறேன், அவ்வளவுதான் என்று. தன் தொழிலைப் பற்றி இப்படிப் பேசுகிறவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எந்தச் சிகிச்சை நல்லது என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் முதுகுவலிக்குக் கொடுத்த வழிகாட்டுதலும் இதையொட்டித்தான் போகிறது, கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே பரிசீலிக்கலாம், தனியாக வேண்டாம் என்று.

இடுப்புவலியைத் தாண்டி ஆஸ்த்மா, அஜீரணம், மாதவிடாய் வலி, குழந்தையின் அழுகை எல்லாவற்றையும் சரிபண்ணுவேன் என்று பலகை வைத்திருந்தால் ஆதாரம் கேளுங்கள், நல்ல ஆதாரம் கிடையாது. கைக்குழந்தையின் தலையை லேசாகப் பிடித்துக்கொண்டு செய்யும் கிரேனியல் முறை இங்கே தாய்மார்களிடையே பிரபலம், ராத்திரி மூன்று மணிக்கு அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எதையும் செய்து பார்க்கத் தோன்றும்தான், ஆனால் அந்த 60 பவுண்டை நான் கொடுக்க மாட்டேன்.

வீட்டில் செய்ய எனக்குக் கொடுத்த பயிற்சி முதலில் ஒன்றே ஒன்று, பின்னால் இரண்டாவது. தரையில் பாயை விரித்து மல்லாக்கப் படுத்து முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். இடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் கை நுழைகிற சந்து இருக்கும். வயிற்றை லேசாக இறுக்கி அந்தச் சந்தை மூடுகிற மாதிரி இடுப்பைப் பாயில் பதியுங்கள், ஐந்து விநாடி, மூச்சை அடக்காமல், விடுங்கள். காலையில் பத்து, மாலையில் பத்து. இரண்டாவது, நடை. முதல் நாள் தெருமுனை வரை, அடுத்த நாள் தெருமுனை தாண்டி போஸ்ட் ஆபீஸ் வரை. வலிக்கிறதே என்று மூன்று நாள் கட்டிலில் கிடந்ததுதான் நான் செய்த பெரிய தப்பு, நாலாம் நாள் எழுந்தபோது முதுகு பலகையாகியிருந்தது. இலேசாக வலிப்பது ஆபத்தில்லை, நடக்க நடக்கக் கூடிக்கொண்டே போனால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி முறை போனபோது, இனிமேல் 5 கிலோ பைதான் வாங்குவேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அறை மூலையில் இருந்த 16 கிலோ கெட்டில்பெல்லை (கைப்பிடி வைத்த இரும்பு எடை) காட்டி "தூக்குங்கள்" என்றார். கால்களை அகட்டி, அதை ரெண்டு பாதத்துக்கும் நடுவில் வரவைத்து, பின்பக்கத்தை நாற்காலியில் உட்காரப்போகிற மாதிரி பின்னால் தள்ளி, உடம்போடு ஒட்டி எடுத்து, திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் பாதத்தைத் திருப்பி. எட்டு முறை தூக்க வைத்தார். அரிசி இப்போதும் 20 கிலோ மூட்டைதான் வாங்குகிறேன், டிக்கியில் ஓரமாக இழுத்து வைத்துவிட்டுத்தான் தூக்குகிறேன்.